ஆல்டிராப்பா, ரிம் லாக்கா, மார்ட்டைஸா, கிரில் கேட்டா: வாசல் கதவுத் தாழ்ப்பாளைக் காக்க எதில் காசு போடலாம்?

நாலு நாள் ஊருக்குப் போகிறோம் என்றால் நம்மில் பலரும் செய்வது ஒன்றுதான். வாசல் கதவைச் சாத்தி, வெளிப்பக்க ஆல்டிராப்பை, அதாவது பூட்டு மாட்டும் தண்டுத் தாழ்ப்பாளை, இழுத்துவிட்டு, அதில் கைக்கு அடங்காத ஒரு பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம். பூட்டு எவ்வளவு பெரிசோ அவ்வளவு நிம்மதி. ஆனால் கடப்பாரை போட்டு நெம்பிய கதவை ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள், பூட்டு பூட்டியபடியே கிடக்கும். கழன்று வந்திருப்பது ஆல்டிராப், அல்லது கொண்டி, அல்லது கதவு நிலையிலிருந்து பிளந்த ஒரு சீவல் மரம். "பூட்டை உடைத்துத் திருட்டு" என்று செய்தியில் படிக்கிறோம், அங்கே பல நேரம் தோற்றுப் போனது பூட்டைப் பிடித்திருந்த நாலு சின்ன ஸ்க்ரூ.

அதனால் இந்த ஒப்பீட்டில் எந்த கம்பெனிப் பூட்டு நல்லது என்ற கேள்விக்கே நான் போகப் போவதில்லை. தாழ்ப்பாள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அந்தப் பிடிமானத்தை எதைக் கொண்டு பலப்படுத்தலாம், அதற்கு ஆகிற செலவு தகுமா, இவ்வளவுதான் கேள்வி. நம் ஊர் வீடுகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்: செங்கல் சுவர், மர நிலை, உள்பக்கம் திறக்கும் வாசல் கதவு, கொல்லைப்புறத்தில் ஒரு கதவு, மொட்டை மாடிக்கு ஒரு கதவு.

கதவை வம்பாகத் திறக்க வருகிறவனுக்கு வழிகள் அதிகமில்லை. வெளியில் தெரியும் ஆல்டிராப்புக்கும் பலகைக்கும் நடுவே கம்பியைச் சொருகி நெம்புவது ஒன்று. கதவையே உதைத்தோ தோளால் மோதியோ தாழ்ப்பாள் உட்காரும் இடத்தைப் பிளப்பது இன்னொன்று. சாய்வான நாக்கு உள்ள லாட்ச் என்றால் இடைவெளியில் மெல்லிய தகடு ஒன்றை விட்டு நாக்கைப் பின்னால் தள்ளுவது மூன்றாவது. சாவியில்லாமல் பூட்டைத் திறக்கிற கைவித்தை தெரிந்தவர்களும் உண்டு, ஆனால் ரெண்டு நிமிஷத்தில் கம்பியால் முடிகிற காரியத்துக்கு யாரும் அவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை. பூட்டு விளம்பரங்கள் இந்த நாலாவது வழியைப் பற்றியே அதிகம் பேசுகின்றன. எனக்கு அது கடைசிக் கவலை.

முதலில் ஆல்டிராப்பையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இன்றைக்கும் பெரும்பாலான வீட்டில் இருப்பது அதுதான். பொருளாகப் பார்த்தால் ஆல்டிராப் பலவீனமானதே இல்லை. 16 மி.மீ. கனமுள்ள இரும்புத் தண்டை எவனும் கையால் வளைத்துவிட முடியாது. பூட்டு மாட்டும் வகைத் தாழ்ப்பாள்களுக்கென்று இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது, இரும்பில் செய்ததற்கு ஐ.எஸ். 281, பித்தளை, அலுமினியம் போன்றவற்றுக்கு ஐ.எஸ். 2681. பிரச்சினை அதைப் பொருத்துகிற விதத்தில்தான். டப்பாவோடு வரும் ஸ்க்ரூ ஒரு அங்குலம்கூட இருக்காது. அதையும் நம்மூர் வேலையில் முக்கால்வாசி சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டு, கடைசி ரெண்டு சுற்று மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் திருகுவார்கள். அடித்து இறக்கும்போது மரை மரத்தைக் கவ்வுவதில்லை, நாரைக் கிழித்துக்கொண்டு போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தலை அழகாக உட்கார்ந்திருக்கும். அந்த ஸ்க்ரூவைக் கழற்றிப் பாருங்கள், நாலு திருகில் தொளதொளவென்று வெளியே வந்தால் ஓட்டைக்குள் மரத்தூள் மட்டும்தான் இருக்கிறது என்று அர்த்தம். இருபுறமும் பிளை ஒட்டிய ஃபிளஷ் டோர் என்றால் நிலைமை இன்னும் மோசம், மேல் பிளையைத் தாண்டி உள்ளே இருப்பது மட்டமான துண்டுக் கட்டைகளாகவும் இருக்கலாம்.

இதற்குத் தீர்வு பணம் பெரிதாகக் கேட்காதது, ஆனால் யாரும் செய்வதில்லை. ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவித் துளை போட்டு, போல்ட் நட்டால் ஆல்டிராப்பைப் பிடிக்க வேண்டும். போல்ட்டின் தலை வழவழப்பான குமிழாக, திருகப் பள்ளம் எதுவும் இல்லாமல் வெளிப்பக்கம் நிற்கும் வகையாக இருக்கட்டும். அந்தத் தலைக்குக் கீழே கழுத்து சதுரமாக இருக்கும், அது தகட்டின் சதுரத் துளையிலோ மரத்திலோ பிடித்துக்கொள்வதால் வெளியிலிருந்து சுழற்றவும் முடியாது. நட்டு உள்பக்கம் வரும். நட்டுக்கு அடியில் சின்ன வாஷருக்குப் பதிலாக 3 மி.மீ. இரும்புப் பட்டை ஒன்றை நீளவாக்கில் வைத்து, எல்லா போல்ட்டும் அந்த ஒரே பட்டையில் வந்து முடியும்படி செய்தால், ஆல்டிராப்பைப் பெயர்க்க நினைப்பவன் கதவுப் பலகையையே பெயர்க்க வேண்டியிருக்கும். பூட்டின் கொக்கி நுழையும் கொண்டிக்கும் இதே வைத்தியம் தேவை. தண்டுக்கு மட்டும் போல்ட் போட்டுவிட்டுக் கொண்டியைப் பழைய ஸ்க்ரூவிலேயே விட்டால், அவன் கம்பியை அங்கே கொண்டு வைப்பான்.

பூட்டைப் பற்றி ரெண்டே வார்த்தை. கொக்கி குட்டையாகவும் கனமாகவும், பூட்டின் தோள் கொக்கியை இருபுறமும் மூடியபடியும் இருந்தால் கம்பி நுழைய இடமில்லை. நீளக் கொக்கியுள்ள பூட்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் நெம்புகோலுக்கு இடம் விட்டுத்தான் தொங்குகிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உள்ளே நெம்புகள் (லீவர்) வைத்துக் கைவேலையாகச் செய்த அந்தப் பூட்டுகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அரை அங்குல ஸ்க்ரூவில் நிற்கும் கொண்டியில் அதை மாட்டுவது அந்தப் பூட்டுக்கே செய்கிற அநியாயம்.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் ஆல்டிராப்பில் ஒரு குறை மிஞ்சும், அதை எந்த போல்ட்டாலும் சரி செய்ய முடியாது. வெளியில் தொங்கும் பூட்டு, "வீட்டில் ஆள் இல்லை" என்று தெருவுக்கே சொல்கிறது. பகலில் ஒருவன் ஒருதடவை நடந்து போனாலே எந்த வீடு காலி என்று தெரிந்துவிடும், மறுநாளும் அதே பூட்டு அதே கோணத்தில் தொங்கினால் சந்தேகமே வேண்டாம். வெளியூர் போகும் வழக்கம் அதிகமுள்ள குடும்பத்துக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே கதவோடு சேர்ந்த பூட்டு தேவை என்பது என் உறுதியான எண்ணம்.

கதவோடு சேர்ந்த பூட்டு என்றால் ரெண்டு வகை. கதவின் உள்பக்க முகத்தில் பெட்டி போல உட்காருவது ரிம் லாக். கதவின் விளிம்பைக் குடைந்து உள்ளே புதைப்பது மார்ட்டைஸ். கடையில் மார்ட்டைஸைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள், கைப்பிடியோடு அழகாக இருக்கும், புது வீடு கட்டுகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் சாதாரண கனமுள்ள கதவுக்கு ரிம் லாக்தான்.

காரணம் மரக்கணக்கு. 35 மி.மீ. கதவில் மார்ட்டைஸ் பெட்டிக்காக 15 மி.மீ. அளவுக்குக் குடைந்தால், இருபுறமும் மிஞ்சுவது தலா 10 மி.மீ. மரம். தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில்தான் கதவின் மேல் பாரம் முழுவதும் வந்து விழும், அந்த இடத்தையே நாம் சன்னமாக்கி வைத்திருக்கிறோம். தேக்கிலோ வேங்கையிலோ செய்த 40 மி.மீ.க்கு மேற்பட்ட கதவு என்றால் தாங்கும். அதற்குக் குறைவான கனத்தில், அதிலும் ஃபிளஷ் டோரில், குடைகிற வேலையைச் செய்யவே கூடாது என்று சொல்வேன். ரிம் லாக்குக்குச் சாவி போகும் ஒரு துளை மட்டும் போதும், மரம் அப்படியே இருக்கும். பெட்டியை உள்பக்கத்திலிருந்து நீள ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கலாம், வெளியில் தெரிவது சாவித்துளையும் அதன் வளையமும்தான், கம்பிக்குப் பிடி கிடைக்காது. மூன்று தண்டுகள் வெளிவரும் ரிம் லாக்குகள் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கின்றன.

ஆனால் ரெண்டு வகைக்கும் பொதுவான ஒரு பலவீனம் நிலையில் இருக்கிறது, இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பூட்டின் நாக்கு போய் உட்காரும் துளையை நிலையில் பாருங்கள். கதவு உள்பக்கம் திறக்கிறது, அதனால் கதவின் உள்முகம் நிலையின் உள்முகத்தோடு ஏறக்குறைய ஒன்றாகச் சேர்ந்து நிற்கிறது. கதவு 35 மி.மீ. கனம், மார்ட்டைஸில் நாக்கு நடுவில் வருகிறது, நாக்கின் கனம் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அந்தத் துளைக்கும் வீட்டுப் பக்கத்துக்கும் நடுவில் நிலையில் மீதியிருப்பது 11 அல்லது 12 மி.மீ. அகல மரப்பட்டை மட்டும். வெளியிலிருந்து விழும் உதை முழுவதையும் தாங்க வேண்டியது அந்தப் பட்டைதான். நார் மேலிருந்து கீழாக ஓடுவதால் நாரோடு சேர்ந்து சுலபமாகப் பிளந்துகொள்ளும். மேலே ஒட்டியிருக்கும் பித்தளைத் தகடும் அதன் ரெண்டு குட்டி ஸ்க்ரூவும் அலங்காரத்துக்கு மேல் எதுவும் செய்வதில்லை.

ஆறாயிரம் ரூபாய்ப் பூட்டை மாட்டி இந்தப் பட்டையை அப்படியே விடுவதைவிட, இருக்கிற பூட்டை வைத்துக்கொண்டு இங்கே இரும்பு போடுவது நல்லது. வெல்டிங் பட்டறையில் சொன்னால் 3 மி.மீ. தகட்டை எல் வடிவில் மடக்கி, ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, நாக்குக்குத் துளை போட்டுத் தருவார்கள். ஒரு பக்கம் துளையின் மேல் உட்காரும், இன்னொரு பக்கம் நிலையின் உள்முகத்தில் மடிந்து அந்த மெல்லிய பட்டையை வீட்டுப் பக்கத்திலிருந்து அணைத்துக்கொள்ளும். ஆறு அல்லது எட்டு ஸ்க்ரூ, ஒவ்வொன்றும் ரெண்டு, ரெண்டரை அங்குலம், ஒரே நாரில் வரிசையாக வராதபடி ஏற்ற இறக்கமாக. முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டுத்தான் திருக வேண்டும், வேங்கை போன்ற முரட்டு மரம் என்றால் ஸ்க்ரூவில் கொஞ்சம் சோப்பைத் தடவச் சொல்லுங்கள், வேலை தெரிந்த தச்சர் கேட்காமலே செய்வார். கதவு மூடுவதற்குத் தகட்டின் கனம் இடைஞ்சலாக வரும், அதற்காக நிலையை 3 மி.மீ. மட்டும் உளியால் பதித்துக்கொள்ள வேண்டும். அரை நாள் வேலை. ரிம் லாக் என்றால் நாக்கு போகும் பெட்டி ஏற்கெனவே நிலையின் உள்முகத்தில்தான் உட்காருகிறது, அதன் ஸ்க்ரூக்களை நீளமாக்கி அடியில் இந்த மாதிரி ஒரு பட்டை கொடுத்தால் போதும். இதுவும் நான் ரிம் லாக் பக்கம் சாய்வதற்கு ஒரு காரணம்.

நைட் லாட்ச் என்று சொல்லும் சாய்ந்த நாக்கு உள்ள பூட்டுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். இழுத்துச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், அது வசதி. அந்தச் சாய்வுதான் தகடு விட்டுத் தள்ளவும் இடம் கொடுக்கிறது. சாவியை இன்னொரு சுற்று சுற்றினால் நாக்கு அசையாமல் நின்றுவிடும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு அந்த இன்னொரு சுற்றை மறக்காமல் சுற்றுங்கள். சாத்திவிட்டு மட்டும் போனால் அது பூட்டிய கதவே இல்லை.

உள்பக்கம் திறக்கும் கதவில் கதவு வந்து முட்டும்படி நிலையில் வெட்டியிருக்கும் விளிம்பு இடைவெளியை மறைத்துவிடுவதால் இந்தத் தொந்தரவு குறைவு. மொட்டை மாடிக் கதவு அப்படி இல்லை. மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பல வீடுகளில் அதை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்திருப்பார்கள். அதனால் நாக்கும் தெரியும், கீலும் வெளியில் இருக்கும். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரே எட்டில் வந்துவிடக்கூடிய இடம் அது, அங்கே நிற்பவனைத் தெருவிலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது. வாசலுக்குத் தேக்கும் மாடிக்கு பி.வி.சி. கதவும் போட்டிருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு பதறுகிறது. இந்த இடத்துக்குத்தான் லாட்ச் மறைப்புத் தகடு சரியான பொருள்: நாக்கு இருக்கும் உயரத்தில் ஒரு சாண் நீள இரும்புத் தகட்டைக் கதவின் வெளிமுகத்தில் போல்ட் போட்டு, அதன் விளிம்பு நிலையின் மேல் ஒரு அங்குலம் ஏறி நிற்கும்படி விட வேண்டும். கம்பியும் தகடும் நுழைய வழி அடைபடும். கீலின் ஊசியைத் தட்டி எடுத்துவிட முடியாதபடி அதன் முனையில் ஒரு பொட்டு வெல்டிங் வையுங்கள். அதைவிட நல்லது, கீல் பக்க விளிம்பில் தலை வெட்டிய ரெண்டு கனத்த ஸ்க்ரூவை நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, எதிரே நிலையில் அவற்றுக்குத் துளை போட்டுவிடுவது, ஊசியை எடுத்தாலும் கதவு அந்தப் பக்கம் கழன்று வராது. பி.வி.சி. கதவை எந்தத் தகடும் காப்பாற்றாது, அதை மாற்றத்தான் வேண்டும்.

இரட்டைக் கதவுக்காரர்கள் வேறு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூட்டு இருப்பது ஒரு கதவில், அதன் நாக்கு பிடிப்பது இன்னொரு கதவை, அந்த இன்னொரு கதவை மேலேயும் கீழேயும் பிடித்திருப்பது ரெண்டு டவர் போல்ட். மேல் போல்ட் நிலைக்குள் அரை அங்குலம்தான் போகிறது, கீழ்ப் போல்ட்டின் குழியில் பல வருஷத்துத் தூசியும் மெழுகிய தண்ணீரின் அழுக்கும் அடைந்து தண்டு பாதிக்கு மேல் இறங்குவதே இல்லை. ரெண்டு கதவையும் சேர்த்துத் தள்ளினால் அப்படியே திறந்துகொள்ளும். குழியைச் சுத்தம் செய்து, தரையில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைப் பதித்து, 12 அங்குல டவர் போல்ட்டாக மாற்றுங்கள். பழைய வீடுகளில் இருந்த கணைய மரம் போல, ரெண்டு கதவுக்கும் குறுக்கே சுவரிலோ நிலையிலோ கொக்கி வைத்து இரும்புப் பட்டை போடலாம். ஆனால் அதை உள்ளே ஆள் இருக்கும்போதுதான் போட முடியும், ஊருக்குப் போகும்போது அது சும்மா மூலையில் நிற்கும்.

அடுத்து கிரில் கேட். செலவு மற்ற எல்லாவற்றையும்விட அதிகம், ஆனால் நேரத்தைக் கூட்டுவதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை, ரெண்டு கதவைத் திறக்க வேண்டும், முதல் கதவு இரும்பு, சத்தம் தெருவுக்குக் கேட்கும். போடுவதென்றால் மூன்று விஷயத்தைப் பட்டறையிலேயே சொல்லிவிடுங்கள். பூட்டைச் சுற்றி மூன்று பக்கமும் தகடு அடைத்து ஒரு பெட்டி வைக்க வேண்டும், சாவியும் கையும் போக மட்டும் அடியில் வழி இருந்தால் போதும். பூட்டுக்குப் பக்கத்தில் கிரில் இடைவெளி வழியாகக் கை விட முடியாதபடி தகடு வர வேண்டும். குச்சியில் மாட்டித் தொங்கும் வகைக் கீல் என்றால், கேட்டைத் தூக்கிக் கழற்றிவிட முடியாதபடி மேலே ஒரு தடுப்பை வெல்டிங் வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டால் பூட்டைத் தொடாமலே கேட்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு உள்ளே போகலாம். வெளியில் பூட்டு தெரிகிற பிரச்சினை கிரில் கேட்டுக்கும் உண்டுதான், ஆனால் வீட்டில் இருக்கும்போதும் அதே பூட்டைப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அப்படிப் பூட்டி வைப்பதென்றால் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: இரவில் உள்ளே இருக்கும் எல்லோருக்கும், வயதானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட, சாவி எங்கே தொங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சமையல் கட்டில் காஸ் கசிந்து தீப்பிடித்தால் இருட்டில், புகையில், அந்தச் சாவியைத் தேடி எடுத்து ரெண்டு பூட்டைத் திறந்துதான் வெளியே வர வேண்டும். உள்பக்கமும் சாவி போட்டால்தான் திறக்கும் என்கிற மாதிரிப் பூட்டுகளை இந்தக் காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்கிறேன். உள்ளிருந்து கையால் ஒரு திருகில் திறக்க வேண்டும். திருடனுக்காக வைத்த தடை நம்மையே உள்ளே அடைத்துப் போட்டுவிடக்கூடாது.

டிஜிட்டல் பூட்டு பற்றிக் கேட்பவர்களுக்கு: சாவி தொலையாது, வேலைக்கு வருபவருக்குத் தனி எண் கொடுக்கலாம், யார் எப்போது திறந்தார்கள் என்று பார்க்கலாம், அதெல்லாம் நல்ல வசதி. உதைக்கு எதிரான பலம் அதில் கூடுவதில்லை. அதன் நாக்கும் அதே நிலையின் அதே 12 மி.மீ. பட்டையில்தான் உட்காருகிறது, பெரும்பாலான மாடல்களுக்குக் கதவைப் பெரிதாகக் குடையவும் வேண்டியிருக்கிறது. நிலையைப் பலப்படுத்திய பிறகு வாங்குங்கள், அதுவரை அந்தக் காசு வங்கியில் இருக்கட்டும். கேமராவும் அப்படித்தான், நடந்ததைக் காட்டும், கதவைப் பிடித்துக்கொள்ளாது.

ஆக, என்ன செய்யலாம்? வீட்டில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள், வெளியூர்ப் பயணம் அபூர்வம் என்றால் ஆல்டிராப்பையே வைத்துக்கொண்டு போல்ட் நட்டுக்கு மாற்றுங்கள், டவர் போல்ட்டைச் சரி செய்யுங்கள், மிச்சக் காசை மாடிக் கதவுக்குப் போடுங்கள். கணவன் மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள், பகல் முழுக்க வீடு பூட்டியிருக்கிறது என்றால் மூன்று தண்டு ரிம் லாக், நிலையில் எல் தகடு, வெளியில் பூட்டே தெரியக்கூடாது. ஊருக்கு வெளியே புது நகரில், அக்கம்பக்கம் காலி மனையாக இருக்கும் தனி வீடு என்றால் இவற்றோடு கிரில் கேட்டும் சேர்த்துத்தான் ஆக வேண்டும், உதவிக்கு ஆள் வர நேரமாகும் இடத்தில் ஒவ்வொரு நிமிஷத் தாமதமும் நமக்கு லாபம். வெளியூர் போகுமுன் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், பூட்டிய வீடுகளை ரோந்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம், செலவில்லாத வேலை. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு எல் தகடும் நல்ல ரிம் லாக்கும் போதும், அங்கே கிரில் கேட் போடுமுன் படிக்கட்டு வழியை மறிக்கிறதா என்று சங்கத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வாடகை வீட்டுக்காரர்கள்தான் எதிலும் கை வைக்கத் தயங்குவார்கள். ஓனரிடம் கேட்காமல் குடையவோ பெரிய துளை போடவோ வேண்டாம். ஆனால் ஏற்கெனவே இருக்கும் துளையில் இருக்கும் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு அதே கனத்தில் நீளமானதைத் திருகுவதற்கு யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை, ஒரு சின்னப் பாக்கெட் ஸ்க்ரூவும் ஒரு மணி நேரமும் போதும். துளை தொளதொளவென்று இருந்தால் தீக்குச்சி அல்லது மூங்கில் சீவலை மரப்பசையில் தோய்த்து இறுக்கமாக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு திருகுங்கள். போல்ட் நட்டுக்கு மாற்றுகிற யோசனையை ஓனரிடம் சொல்லும்போது செலவு உங்களுடையது, காலி செய்யும்போது அது கதவிலேயே இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள்.